வேனில் படுத்தால் குளிர்கிறதா? இன்ஜினை ஓடவிடாமல் சரிசெய்யும் வழி

வேலை முடிய நேரமாகிவிட்டது, விடிந்ததும் அதே இடத்தில் மறுபடி நிற்க வேண்டும், அதனால் வேனிலேயே படுத்துவிடுவோம் என்று முடிவெடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டிய சொகுசு வண்டியைப் பற்றி இங்கே பேசவில்லை. இரண்டு பக்கமும் கருவிப் பெட்டிகள், மேலே ஏணி, நடுவில் ஓர் ஆள் கால் நீட்டும் அளவுக்கு இடம், சுற்றிலும் வெறும் தகரம். அப்படிப்பட்ட வேன்.

குளிர் ஏற ஏறக் கை தானாகச் சாவிக்குப் போகும். இன்ஜினை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் கதகதப்பு வரும், உண்மைதான். ஆனால் நின்ற இடத்திலேயே ஓடும் இன்ஜின் மணிக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும். டீசல் இன்ஜின் சுமையில்லாமல் மணிக்கணக்கில் ஓடினால் சரியாகச் சூடேறாது, உள்ளே கரி படியும். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை புகை. சைலன்சரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலோ, குழாயின் வாயைப் பனி மூடினாலோ, அந்தப் புகை தூங்குகிற ஆள் இருக்கும் இடத்துக்கே வந்து சேரும்.

பல குளிர்காலங்கள் வேனில் படுத்ததில் எனக்குப் புரிந்தது இது: பெரும்பாலான இரவுகளில் சூடு இருக்கிறது, ஆனால் அது எங்கேயோ ஒழுகிப் போகிறது. தூங்குகிற உடம்பே 70, 80 வாட் சூட்டை வெளியே விடுகிறது. அதைத் தேக்கி வைக்காமல் பெரிய ஹீட்டராக வாங்கிக்கொண்டே போனால், ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைத்த கதைதான். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். உடம்பில் எந்த இடம் குளிர்கிறது? எத்தனை மணிக்குக் குளிர்கிறது? காலையில் எது ஈரமாக இருக்கிறது? கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்துவது எது என்று அதை வைத்தே தெரிந்துவிடும்.

## தலை வலிக்கிறது, குமட்டுகிறது, மந்தமாக இருக்கிறது

இது குளிர் பற்றியதே இல்லை. இருந்தாலும் முதலில் வைக்கிறேன், ஏனென்றால் மற்றவற்றில் தவறு செய்தால் ஒரு இரவுத் தூக்கம் போகும், இதில் உயிர் போகும்.

வேனுக்குள் ஏதாவது எரிகிறது அல்லது எரிந்தது என்றால், இந்த அறிகுறிகளைக் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு ஆரம்ப அறிகுறி எதுவுமே தெரியாமல் போகலாம். கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, அவசர உதவியை அழையுங்கள். கொஞ்சம் தேறியதும் மறுபடி உள்ளே போய்ப் படுக்கக் கூடாது.

கரி அடுப்புத்தான் இதில் மிக மோசமானது. புகை அடங்கிக் கங்கு மட்டும் கனியும்போது பார்க்க சாதுவாக இருக்கும், அப்போதும் அது இந்த வாயுவைத் தாராளமாக விட்டுக்கொண்டிருக்கும். சட்டியில் கங்கு அள்ளி உள்ளே வைப்பது, கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கண் அயர்வது, புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை இரவு முழுக்க எரியவிடுவது, மூன்றும் வேண்டாம்.

டீசல் ஹீட்டர் வைத்திருந்தாலும், எதுவும் எரிக்காமல் படுத்தாலும், பக்கத்து வண்டியின் புகை உள்ளே வர வாய்ப்பு இருப்பதாலும், ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். இஎன் 50291-2 என்ற தரம் வண்டிகளுக்கும் படகுகளுக்கும் உரியது, அதைப் பார்த்து வாங்குங்கள். அந்தத் தரப்படி, காற்றில் இந்த வாயு 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) அளவுக்கு இருந்தால் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் அலறும், 300 பிபிஎம் வந்தால் 3 நிமிடத்துக்குள் அலறும். தலைமாட்டுப் பக்கம் மாட்டுங்கள். படுக்கும் முன் அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

## மேலே போர்வை போதுமானதாக இருக்கிறது, முதுகும் இடுப்பும் ஜில்லிடுகின்றன

நான் பார்த்தவரை அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். மேலே மூன்றாவது கம்பளியைப் போட்டும் குளிர்கிறதே என்பார்கள். குளிர் மேலிருந்து வரவில்லை.

போர்வையோ ஸ்லீப்பிங் பேகோ சூட்டைப் பிடித்து வைப்பது அதற்குள் இருக்கும் காற்றால். நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பகுதி நசுங்கிக் காற்று வெளியேறிவிடும், அங்கே வெறும் துணிதான் மிச்சம். அதற்கும் கீழே தகரத் தரை, தரைக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. நேராக ஐஸ் கட்டி மேல் படுத்தது போலத்தான்.

ஒரு சுலபமான சோதனை: படுத்து அரைமணி நேரம் கழித்து, பாய்க்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் உங்கள் உடம்புச் சூடு தரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஜில்லென்று உலர்ந்து இருந்தால் பாய் தன் வேலையைச் செய்கிறது, பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது.

சரிசெய்ய, நசுங்காத ஒன்று கீழே வேண்டும். மூடிய துளைகள் உள்ள ஃபோம் பாய் நல்லது, அது தண்ணீரும் குடிக்காது. படுக்கை விரிப்புகளில் ஆர் மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் கூடக்கூட குளிரைத் தடுக்கும் திறனும் கூடும். இரண்டு விரிப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். 2 உள்ள ஃபோம் பாய் மேல் 4 உள்ள காற்று விரிப்பைப் போட்டால் 6. உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளுக்கு 5-க்குக் குறையாமல் வைத்துக்கொண்டால் நல்ல தூக்கம் கிடைக்கும். உள்ளே எதுவும் நிரப்பாத வெறும் காற்று மெத்தையை மட்டும் நம்பாதீர்கள். அதற்குள் காற்று சுழன்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மடக்குக் கட்டிலும் அப்படியே, கீழே வெற்றிடம் இருந்தால் அங்கிருந்து குளிர் ஏறும்.

கையில் எதுவுமே இல்லாத இரவில், வேலைக்கு வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து நான்கைந்து அடுக்காகப் போட்டுப் படுத்திருக்கிறேன். நன்றாகவே தாங்கியது. அட்டை நனைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

## படுக்கும்போது கதகதப்பாக இருந்தது, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது

ஓட்டி வந்தபோது வண்டியில் ஏறிய சூடு அதற்குள் தீர்ந்திருக்கும். வெளியே குளிர் விடியும்வரை கூடிக்கொண்டே போகும். உடம்பின் சூடும் அதிகாலையில்தான் அதன் தாழ்ந்த நிலைக்கு இறங்கும். சாப்பிட்டது செரித்து முடிந்திருக்கும். நான்கும் ஒரே நேரத்தில் வந்து சேருவதால்தான் அந்த மூன்று மணி.

ஸ்லீப்பிங் பேகின் லேபிளை எடுத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலைகள் இருக்கும். நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய கீழ் வரம்பு ஒன்று, உயிர் பிழைக்க மட்டும் போதுமான கடைசி அளவு ஒன்று. விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண் பெரும்பாலும் முதலாவது கிடையாது. நிம்மதிக்கான எண்ணையே கணக்கில் வையுங்கள், அதிலும் ஐந்து டிகிரி மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கும் முன் கொழுப்பு உள்ள ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள், கைப்பிடி கடலை போதும். மெதுவாகச் செரித்து விடியும்வரை தாங்கும். மது வேண்டாம். தோலில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரியவைத்துச் சூடாக இருப்பதுபோல் காட்டும், உள்ளே இருக்கும் சூடோ வெளியே போய்க்கொண்டிருக்கும்.

சுடுதண்ணீர் பையை நான் இன்றுவரை விட்டதில்லை. 80 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 35 டிகிரிக்கு ஆறுவதற்குள் ஏறக்குறைய 50 வாட்-மணி சூட்டைத் தந்துவிடும். ஒரு மின்சாரக் கம்பளி ஒரு மணி நேரம் எரிவதற்குச் சமம், பேட்டரியில் ஒரு பொட்டுகூடக் குறையாது. மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்து, தடித்த காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். அங்கே பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. தண்ணீரை வெளியே நின்று கொதிக்க வையுங்கள், இல்லையென்றால் மாலையில் எங்காவது ஃபிளாஸ்கில் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல ஃபிளாஸ்கில் மூன்று மணிக்கும் பையை மறுபடி நிரப்பும் அளவுக்குச் சூடு இருக்கும்.

## காலையில் கூரையிலிருந்து சொட்டுகிறது, படுக்கை நனைந்திருக்கிறது

ஈரமும் குளிரும் ஒரே பகை. ஈரமான கம்பளியில் படுத்தவருக்கு எந்த ஹீட்டரும் போதாது. முதல் இரவு நன்றாகத் தூங்கியவர் மூன்றாவது இரவு அதே வேனில், அதே குளிரில் நடுங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். போர்வை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஈரம் குடித்திருக்கும்.

தூங்குகிற ஒருவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஒரே இரவில் கால் லிட்டருக்கு மேல் தண்ணீரை வெளியே விடுகிறார். அது ஜில்லென்ற தகரத்தில் பட்டுச் சொட்டாக மாறுகிறது. இதைப் பார்த்ததும் குளிர் வருகிறதே என்று இருக்கிற இடுக்கையெல்லாம் அடைப்பது தப்பு. கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு என்று இரண்டு விட வேண்டும், விரல் நுழையும் அளவு போதும். கொஞ்சம் சூடு போகும், ஆனால் படுக்கை உலர்ந்திருக்கும். காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்தால் சாரலும் உள்ளே வராது.

கேஸ் எரித்தால் ஈரம் இன்னும் கூடும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வரும். சூடு வந்ததுபோல் இருக்கும், காலையில் எல்லாம் சொதசொதவென்று இருக்கும்.

தகரம் ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் சுவருக்கெல்லாம் ஃபோம் ஒட்டிவிட்டு, நடுவே ஓடும் இரும்பு விலாக்களை அப்படியே விட்டால் ஈரம் அந்த விலாக்களைத் தேடிப் போய்ச் சொட்டும். அவற்றின் மேல் மெல்லிய ஃபோம் பட்டையாவது ஒட்டுங்கள். பளபளக்கும் அலுமினிய விரிப்பை நேராகத் தகரத்தோடு ஒட்டினால் பெரிய பலன் இல்லை. அதற்கு முன்னால் ஒரு விரற்கடை காற்று இடைவெளி இருந்தால்தான் அது சூட்டைத் திருப்பி அனுப்பும்.

நனைந்த பூட்ஸ், மழைக்கோட்டு, வேர்த்த சட்டை எல்லாவற்றையும் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போட்டு, நடுவில் திரை இழுத்துவிடுங்கள். குளிர்கிறதென்று முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளாதீர்கள், மூச்சின் ஈரமெல்லாம் பஞ்சுக்குள் போய்விடும். தலைக்குக் குல்லாய், மூக்கு வெளியே. அப்புறம் காலையில் வண்டி ஓடும்போது ஹீட்டரை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, படுக்கையைப் பிரித்து விரித்துப் போட்டு உலர்த்துங்கள். இன்ஜின் சூட்டைப் பயன்படுத்த வேண்டிய நேரம் அதுதான். இரவு நிறுத்துவதற்கு முந்தைய அரைமணி நேரமும் இதையே செய்தால் சூடான படுக்கையில் படுக்கலாம்.

## ஹீட்டர் ஓடுகிறது, வேன் சூடாகவில்லை

முழு வேனையும் சூடாக்கப் பார்க்கிறீர்கள். படுக்கும் இடத்தைச் சுற்றிக் கூரையிலிருந்து தடித்த கம்பளியோ தார்ப்பாயோ தொங்கவிட்டு ஒரு சின்ன அறை ஆக்குங்கள். முன்பக்கக் கண்ணாடிகள் வழியாகத்தான் அதிகச் சூடு போகும், அவற்றின் அளவுக்கே ஃபோம் வெட்டிச் செருகுங்கள். முன்னால் சொன்ன இரண்டு திறப்புகளும் அந்தச் சின்ன அறைக்கு வேண்டும். பெட்ரோல் கேன், தின்னர், பெயின்ட் டப்பா, கேஸ் சிலிண்டர் எதுவும் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது, வண்டியிலிருந்தே இறக்கிப் பூட்டி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பள்ளத்தில் நிறுத்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். கொஞ்சம் மேட்டில், காற்று மறைவில் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

## டீசல் ஹீட்டர் மக்கர் பண்ணுகிறது

அடிக்கடி வேனில் படுப்பவருக்கு நான் மனதாரச் சொல்வது இந்த ஹீட்டரைத்தான். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடும். உள்ளே வருவது உலர்ந்த சூடான காற்று மட்டும். 2 கிலோவாட் ஹீட்டர் குறைந்த வேகத்தில் மணிக்கு 0.1 லிட்டர் அளவுக்கே டீசல் எடுக்கும், எட்டு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூட ஆகாமல் போகலாம்.

விசிறி சுற்றுகிறது, பற்றவே இல்லை என்றால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பற்றவைக்கும் குளோ பிளக் முதல் சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் 12.5 வோல்ட் காட்டினாலும், மெல்லிய வயரும் துருப்பிடித்த ஃபியூஸ் முனையும் வழியிலேயே அதைத் தின்றுவிடும். ஹீட்டர் பற்ற முயலும் அதே நேரத்தில், ஹீட்டரின் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே 11-க்குக் கீழே இறங்கினால் தடித்த வயரை நேராகப் பேட்டரியிலிருந்து இழுங்கள். ஒரு முழுக் குளிர்காலம் ஹீட்டரே கெட்டுவிட்டது என்று நினைத்து அவதிப்பட்ட எனக்கு, கடைசியில் ஒரு ஃபியூஸ் தாங்கியை மாற்றியதும் தீர்ந்தது.

மின்சாரம் சரி என்றால் பம்ப்பின் டிக் டிக் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் இருந்தும் பற்றவில்லை என்றால் எரிபொருள் குழாயில் காற்று இருக்கலாம். குழாயில் குமிழிகள் தெரியும். இணைப்புகளை இறுக்குங்கள். பம்ப்பின் வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா பாருங்கள், அப்போதுதான் குமிழி வெளியேறும். கடுங்குளிரில் கோடைக்கால டீசல் மெழுகுபோல் உறையத் தொடங்கும், அதற்குக் குளிர்கால டீசல் மட்டுமே மருந்து.

பற்றும்போது வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து அடங்கினால் பயமில்லை, எரியாத டீசல் அது. தொடர்ந்து வந்தால் பற்றுதல் சரியில்லை. கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். உள்ளிழுக்கும் குழாயில் சேறோ பனியோ அடைத்திருக்கிறதா, புகைக்குழாய் கரியால் குறுகியிருக்கிறதா என்று பாருங்கள். உயரமான மலைப்பகுதியில் காற்று மெலிந்திருப்பதாலும் இப்படி ஆகும்.

கரி படிவதற்குப் பெரிய காரணம், ராத்திரி முழுக்க மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுவது. வாரத்துக்கு ஒருமுறை 20, 30 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டால் கரி எரிந்து போகும். அணைக்கும்போது வயரைப் பிடுங்காதீர்கள். பொத்தானால் அணைத்துவிட்டு, விசிறி சுற்றி உள்ளே குளிரும்வரை சில நிமிடம் விடுங்கள். புகைக்குழாய் வண்டியின் விளிம்பைத் தாண்டி, நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் முடிய வேண்டும்.

## காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்டார்ட்டர் பேட்டரியில் ஹீட்டரையோ கம்பளியையோ மாட்டியிருப்பீர்கள். தனியாக ஒரு பேட்டரி வையுங்கள், வண்டி ஓடும்போது மட்டும் இரண்டும் இணைகிற மாதிரி ஒரு ரிலேயும் போடுங்கள்.

கணக்கு இப்படி: 12 வோல்ட்டில் ஓடும் 50 வாட் மின்சாரக் கம்பளி எட்டு மணி நேரத்தில் 400 வாட்-மணி எடுக்கும், அதாவது 33 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியை மட்டுமே எடுக்கலாம் என்று வைத்தாலும் தாராளமாகப் போதும். அதே பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்து 1500 வாட் ஹீட்டர் போட்டால் 125 ஆம்பியருக்கு மேல் இழுத்து, முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. உடம்பைச் சூடாக்கப் பேட்டரி போதும், காற்றைச் சூடாக்கப் போதாது.

ஈயப் பேட்டரியின் கொள்ளளவு மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். எதுவும் இழுக்காமல் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12 என்றால் உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதைப் படுக்கும் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

## கால் மட்டும் விறைக்கிறது

பாதம் பின்கதவுத் தகரத்தை முட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு ஃபோம் துண்டு வையுங்கள். பகலெல்லாம் போட்ட காலுறையைக் கழற்றி, உலர்ந்த, இறுக்கமில்லாத ஒன்றைப் போடுங்கள். ஜாக்கெட்டைக் கால்மாட்டில் சுற்றிவிடுங்கள். பெரும்பாலும் இதோடு தீரும்.

## நடுக்கம் நிற்கவில்லை, அல்லது திடீரென்று நின்றுவிட்டது

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. பேச்சு குழறும், ஜிப்பைப் பிடித்து இழுக்க விரல் கேட்காது, என்ன செய்கிறோம் என்றே புரியாது. இன்னும் சூடாகாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். அவசர உதவியை அழையுங்கள். ஈர உடையைக் கழற்றி, நெஞ்சையும் வயிற்றையும் முதலில் போர்த்துங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் சூடான இனிப்பு பானம் கொடுக்கலாம்.

இன்ஜினைப் போட வேண்டிய ஒரே இரவு இதுதான், தயங்க வேண்டாம். முதலில் இறங்கிப் போய்ப் புகைக்குழாயின் வாயையும் அதைச் சுற்றியும் இருக்கும் பனியை அள்ளுங்கள். அலாரம் வேலை செய்கிறதா பாருங்கள். காற்றுக்கு எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், தேவைப்பட்டால் மறுபடி போடுங்கள். இன்ஜின் ஓடும் அந்த நேரம் முழுக்க ஒருவர் கண் விழித்திருக்க வேண்டும்.